வயரைப் பிடுங்கிவிட்டுப் படித்தவர்

'எல்லாம்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, அடியில் இருந்த கட்டங்களில் ஒன்று விடாமல் டிக் அடித்து, 'அழி' என்ற பொத்தானை மருமகள் அழுத்தியபோது மணி காலை ஒன்பதேகால். பக்கத்து அறையில் மாமனார் ஒவ்வொரு மூச்சையும் பாரம் தூக்குகிறவரைப் போல இழுத்துக்கொண்டிருந்தார். சுவரைத் தாண்டி அது அவளுக்குக் கேட்டது. நேற்றிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் சரியாக மூச்சு விட வரவில்லை.

ஆக்சிஜன் மெஷினை வாடகைக்குத் தருகிற கம்பெனியின் விண்ணப்பம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. செல்போனில் திறந்தால் கம்ப்யூட்டரில் முயலுங்கள் என்றது. அவளுடைய ஆபீஸ் லேப்டாப்பில் ஆபீஸ் வேலையைத் தவிர ஈ காக்கை நுழையாது. வேறு வழியில்லாமல் நேற்று மாலை மாமனாரின் பழைய லேப்டாப்பை எடுத்து, அதில் பாதி நிரப்பி வைத்திருந்தாள். காலையில் டாக்டர் சீட்டு வந்ததும் அதையும் சேர்த்து அனுப்பினால், நேற்றைய பக்கத்தையே மறுபடி மறுபடி எடுத்து நீட்டி, தேதி காலாவதியாகிவிட்டது என்றது. நாலு தடவை பார்த்தாள். ஐந்தாவது தடவை யோசிக்கவில்லை. கை தானாக அந்த 'அழி' பொத்தானுக்குப் போனது.

அந்தக் கைக்கு ஒன்பது வருடப் பழக்கம். பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி ஒன்றின் உதவி எண்ணில் அவளுக்கு வேலை. வீட்டிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் ஒரே பாட்டைப் பாட வேண்டும். "சார், பிரவுசர்ல கேஷ் க்ளியர் பண்ணிட்டு மறுபடி ட்ரை பண்ணுங்க." ஏதாவது போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அடுத்த வரியும் தயாராக இருந்தது. "ஒண்ணும் போகாது சார். நீங்க ஏற்கெனவே பார்த்த பக்கத்தோட நகல்தான் அதெல்லாம். திரும்பத் திறந்தா தானா வந்துடும்." தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கடந்த ஒரு மணி நேரம், கடந்த ஒரு நாள், எல்லாம் என்று கேட்டால் எல்லாம் என்பதைத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். அரைகுறையாக அழித்தால் அதே ஆள் அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டு உயிரை வாங்குவார்.

இன்றைக்கு 'கடந்த ஒரு நாள்' என்பதே போதுமாக இருந்திருக்கும்.

விண்ணப்பம் இந்த முறை சமர்த்தாகப் போனது. பதினொரு மணிக்கு மெஷின் வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் குழாயை மாமனாரின் மூக்கில் பொருத்தி, காதுக்குப் பின்னால் மாட்டி, அளவைத் திருகி வைத்தாள். மெஷின் உறுமத் தொடங்கிய பத்தாவது நிமிடம் அவருடைய நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் விட்டது. உதட்டின் நீலமும் குறைந்தது. மருமகளுக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

நர்ஸ் அவளை வாசல்வரை கூட்டிப்போய்ச் சொன்னாள். "இது வைத்தியம் இல்லம்மா. கொஞ்சம் சிரமம் குறையும், அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் எங்க இருக்கார்?"

"எடை மெஷின் சர்வீஸுக்கு வெளியூர் போயிருக்கார். திரும்பி வரக் காலைலயே பஸ் ஏறிட்டார். சாயங்காலம் ஏழு மணியாகும்."

"வரட்டும்," என்றாள் நர்ஸ். மருமகளின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மாமனார் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் பாதிப் பேர் மேலே போனதும் கீழே வந்ததும் என் கையால் என்று எப்போதாவது நல்ல மூடில் சொல்வார். மற்றபடி வாயைத் திறக்க மாட்டார். அத்தை இருந்தவரை வீட்டில் பேச்சுக்கான மொத்தக் குத்தகையும் அவளுடையது. அத்தை போய் ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவர் பிடிவாதமாக ஒட்டிக்கொண்ட ஒரே விஷயம் அந்த லேப்டாப். அதை மாற்ற விட மாட்டார், புதுப்பிக்க விட மாட்டார், தூசி துடைக்கப் போனால்கூடப் பின்னாலேயே வந்து நிற்பார். சாயங்காலமானால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் காரியமாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் திறப்பார். இன்டர்நெட் பார்ப்பதற்காக இன்டர்நெட்டைப் பிடுங்குகிற ஒரே ஆள் உலகத்திலேயே எங்கப்பாதான் என்று மகன் கேலி செய்வான். மருமகளும் ஆபீஸ் சிநேகிதிகளிடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் கண் திறந்தார்.

"அந்த லேப்டாப்பை எடுத்துட்டு வாம்மா."

"இப்ப எதுக்கு மாமா? கொஞ்சம் தூங்குங்களேன்."

"எடுத்துட்டு வா. வயரைப் பிடுங்கிடு."

கொண்டுவந்து கட்டிலில் அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. குழாய் மாட்டியதிலிருந்து கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை, அது தலையணைக்கு அடியில் கிடந்தது. கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"மேல நட்சத்திரம் போட்ட இடத்துல லைப்ரரின்னு இருக்கும். அதை அமுக்கினா உங்க அத்தை எழுதினது வரும்."

"அத்தையா?"

"புத்தகம் எடுத்துப் படிச்சா அதைப் பத்திக் கீழ எழுதலாம்னு அந்த லைப்ரரில வச்சிருந்தாங்க. எடுத்த புத்தகத்துக்கெல்லாம் எழுதினா. மொத்தம் நாற்பத்து மூணு." மூச்சு வாங்க நிறுத்தினார். "அவ போனப்புறம் லைப்ரரிக்காரங்க எல்லாத்தையும் புதுசா மாத்திட்டாங்க. அவ எழுதினதைத் தூக்கிட்டாங்க. இதுல மட்டும் பழசு அப்படியே நின்னுது. வயரு இருந்தா புதுசு வருது, வயரைப் பிடுங்கினா பழசு வருது. எதனாலன்னு தெரியல. எதனால ஓடுதுன்னு தெரியாத மெஷினை நோண்டக் கூடாது. நானும் நோண்டல."

எதனால் என்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அது ஒன்று தெரியும். ஒன்பது வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறாள்.

நட்சத்திரத்தை அழுத்தினாள். வெள்ளைத் திரையில் சாம்பல் எழுத்தில், இணைப்பு இல்லை என்று வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"வந்துடுச்சா?"

"வருது மாமா. கொஞ்சம் லேட்டாகுது."

"லேட்டாகாதே. அமுக்கினா உடனே வருமே."

"ஒரு நிமிஷம் மாமா, அடுப்புல பால் வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். அடுப்பில் எதுவும் இல்லை. லைப்ரரி எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். எடுத்தவர் நிதானமான மனுஷர், அவளைப் பேச விட்டுக் கேட்டார்.

"பழைய கருத்து எதையும் புது சிஸ்டத்துக்குக் கொண்டுவரலைங்க. அப்பவே நோட்டீஸ் போட்டிருந்தோம். வேணுங்கறவங்க எடுத்து வச்சுக்கச் சொல்லி."

"எங்கயாவது காப்பி இருக்குமா சார்? பழைய கம்ப்யூட்டர்ல, யார்கிட்டயாவது?"

"அந்த மெஷினையே பழசுக்குப் போட்டுட்டாங்கம்மா. புத்தகமெல்லாம் இருக்கு. அவங்க படிச்ச புத்தகம் ஏதாவது வேணும்னா சொல்லுங்க, எடுத்து வைக்கிறேன்."

அவள் நன்றி சொல்லி வைத்தாள். அடுத்து ஆபீஸில் அவளுக்கு மேலே இருப்பவனைக் கூப்பிட்டாள். க்ளியர் பண்ணின கேஷைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டதும் அவன் சிரித்தான். "நீங்களே இப்படிக் கேட்டா எப்படி மேடம்?" பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "யாருக்கு? என்ன ஆச்சு?" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது மாமனார் அவள் விட்டுப்போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்து மூணையும் படிக்க வேண்டாம்மா. கடைசி ஒண்ணு மட்டும் படி. அதுல கடைசி வரி. காலைலேர்ந்து யோசிக்கிறேன், வர மாட்டேங்குது. எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு, கண்ணாடி மாத்தணும் போலன்னு எழுதியிருப்பா. அதுக்கப்புறம் ஒரு வரி. என்னைப் பத்தி." அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "தினம் படிச்சது. ஆறு வருஷம். போயும் போயும் இன்னிக்கு மறந்து தொலைக்குது."

அவருக்குத் திரை தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு வரி. சொல்லிவிட்டால் அந்த மனுஷர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவார். சொல்வதற்கு அவளிடம் வாய் இருக்கிறது. ஒன்பது வருடமாக, எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே தெரிந்ததைப் போலப் பேசுகிற வாய்.

வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு படித்தாள். "எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் போல. அவரிடம் சொன்னால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போவார்."

மாமனார் கொஞ்ச நேரம் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்ல."

"அப்படித்தான் மாமா இருக்கு."

"என்னைப் பத்தி அவ நல்லதா எழுத மாட்டா." சிரிக்கப் பார்த்து இருமினார். இருமல் நின்ற பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண்கள் சின்னதாக, ஈரமாக இருந்தன. "என்ன ஆச்சு? சொல்லு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அழிச்சிட்டேன் மாமா."

"எப்ப?"

"காலைல. இந்த மெஷினுக்கு ஃபார்ம் போகல. பழசை அழிச்சாத்தான் போகும்னு... எல்லாத்தையும் அழிச்சிட்டேன். எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்து வேற இடத்துல வச்சுக் கொடுத்திருப்பேனே. ரெண்டு நிமிஷ வேலை மாமா. ரெண்டே நிமிஷம்."

"சொன்னா நீ படிச்சிடுவியே," என்றார் அவர்.

மூக்கிலிருந்த குழாயைப் பிடித்து இழுத்து மெத்தைமேல் போட்டார். அவள் பதறிப்போய் மறுபடி மாட்ட வந்தாள். கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவையும் தட்டிவிட்டார். அதில் கோபம் இருந்தது, பலம் இல்லை. மூன்றாவது தடவை மாட்டவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில் அவர் அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவும் தைரியமில்லை, இருக்கவும் முகமில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஒரு சக்கரம் முடிந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார். கணவன் போனில் கூப்பிட்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். தூங்குகிறார் என்றாள். பஸ் ஒரு டீக்கடையில் நிற்பதாகவும் டிரைவர் ஆடி அசைந்து வருவதாகவும் சொன்னான். சீக்கிரம் வாங்க என்று சொல்ல நினைத்து, பத்திரமா வாங்க என்று சொன்னாள்.

இரண்டு மணி சுமாருக்குச் சுவரைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"துப்பறியும் கதை ஒண்ணு."

"என்ன மாமா?"

"'கடைசி நாலு பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். கொலை செய்தது யார் என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதவும். நான் டாக்டரைச் சந்தேகப்படுகிறேன்.'" மூச்சு வாங்கினார். "ஒருத்தனும் எழுதல. வருஷம் பூரா தினம் போய்ப் பார்ப்பா, யாராவது எழுதியிருக்காங்களான்னு."

அவள் சட்டென்று மேசையிலிருந்து பேனாவையும் பழைய பில் ஒன்றையும் எடுத்தாள். அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"எழுதாதே."

"மறந்துடுமே மாமா."

"எழுதினா நீ எழுதினதாயிடும். சும்மா கேளு." கோபம் போயிருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் இவள் பக்கம் திரும்பியிருந்தார். "சந்தோஷமான குடும்பத்துக்குப் பத்து வழின்னு ஒரு புத்தகம். அதுக்கு எழுதினா. 'ஏழாவது வழி, கணவர் பேசும்போது குறுக்கிடாதீர்கள். எங்கள் வீட்டில் அவர் பேசினால்தானே நான் குறுக்கிடுவதற்கு.'"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. அத்தை மறுபடி அறைக்குள் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது. அத்தையின் அந்த உதட்டுச் சுழிப்புகூடத் தெரிந்தது.

"கப்பல்ல உலகத்தைச் சுத்தினவன் ஒருத்தன் எழுதினது. 'முன்னூறு பக்கம் கடல். ஒரு இடத்தில்கூட இந்த ஆள் காலை நனைக்கவில்லை.'"

ஒவ்வொன்றுக்கும் நடுவே அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சமையல் புத்தகத்துக்கு எழுதியதைச் சொல்ல ஆரம்பித்து, 'எல்லாவற்றுக்கும் இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறார், பாத்திரம் கழுவுவது யார் என்று போடவில்லை' என்று முடிப்பதற்குள் வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து கட்டில் காலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன. தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வரியைத்தான். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் ஏறி ஏறிக் கறுத்த நக ஓரங்கள் ஓய்வு பெற்று இத்தனை வருடத்தில் வெளுத்துப்போயிருந்தன.

நாலரை மணிக்கு மேல் அவருடைய முகம் மாறியது. புருவம் மேலே போயிற்று. தொலைத்த சாவி சட்டைப் பையிலேயே இருந்ததைக் கண்டவரைப் போல இருந்தார்.

"வந்துடுச்சு," என்றார்.

"என்ன மாமா? என்ன எழுதியிருந்தாங்க?"

அவர் அவளைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு பக்கமாகப் போனது. தலையை மெல்ல, இல்லை என்பது போல ஆட்டினார்.

"திட்டியிருக்கா."

அவள் காத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்தாள், ஒவ்வொரு தடவையும் இன்னொன்று வந்தது. ஐந்தேகாலுக்கு ஒன்று வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை. மெஷின் அது தெரியாமல் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து அதை நிறுத்தினாள்.

நர்ஸ் வந்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எதிர் வீட்டுக்காரர் வந்து கைகட்டி நின்றார். நல்ல மனுஷர், யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது என்றார். அவருடைய மனைவி மருமகளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எல்லோரும் தாழ்ந்த குரலில் வேண்டியதைச் செய்தார்கள். மருமகள் தண்ணீர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் அவர் சொன்ன அந்த நாலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எதையாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஏழு மணிக்குக் கணவன் வந்தான். பஸ்ஸில் வரும்போதே அவனுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. வந்தவன் நேராக உள்ளே போய் அப்பாவின் நெற்றியில் கை வைத்தான். நெடுநேரம் எடுக்கவில்லை. மற்றவர்கள் மெல்ல வெளியே போனார்கள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்றான் திரும்பாமல்.

"காலைல. அப்புறம் இல்ல. பேசிக்கிட்டே இருந்தார்."

"எங்கப்பாவா?" அவன் திரும்பினான். "என்ன பேசினார்?"

அவள் எதையும் கூட்டவில்லை குறைக்கவில்லை. லைப்ரரி, நாற்பத்து மூன்று கருத்துகள், வயர், காலை ஒன்பதேகாலுக்கு அவள் செய்தது, பொய்யாகப் படித்தது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா எழுதியது வீட்டிலேயே ஆறு வருடம் இருந்தது என்று தெரிந்த அதே மூச்சில், அது இப்போது இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அவர் சொன்னதைச் சொல்லு," என்றான்.

அவள் துப்பறியும் கதையைச் சொன்னாள். டாக்டரைச் சந்தேகப்படுகிறேன் என்ற இடத்தில் அவனுடைய தோள் குலுங்கியது. ஏழாவது வழியைச் சொன்னாள். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணிலிருந்து வழிந்தது விரல்களுக்கு மேல் இறங்கியது.

"அப்புறம்?"

"கப்பல்ல போனவன் எழுதின புத்தகம். 'நானூறு பக்கம் கடல்...'" அவள் நிறுத்தினாள். "நானூறா, முன்னூறா? நானூறுன்னுதான் சொன்னார். இல்ல. இருங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். துப்பறியும் கதை. நாலு பக்கம். டாக்டர். பத்து வழி. தோளில் மாட்டியிருந்த பையை இன்னும் இறக்காமல் அவன் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.